அகழியைத் தாண்டாத மாப்பிள்ளை

அத்தா,

பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் சர்க்கஸ் வந்திருக்கிறது. கூடாரத்துக்குப் பின்னால் நாலைந்து குதிரைகளைக் கட்டியிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் நாங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போனபோது காற்று திரும்பி, சாணமும் மூத்திரமும் ஈர வைக்கோலும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பக்கத்தில் வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். முறைப்படி பார்த்தால் புதுத்துணியின் கஞ்சி வாசனையோ, வெள்ளிக்கிழமை நீங்கள் பூசிக்கொள்ளும் அத்தரோதான் உங்களை நினைவுபடுத்த வேண்டும். பெற்ற மகளுக்கு உங்கள் ஞாபகம் குதிரைச் சாணத்தில் வந்து நிற்கிறது. அந்தப் பெருமை முழுக்க உங்களையே சேரும்.

நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் சும்மா இருந்தவள் இன்று எழுதுகிறேன் என்றால், கோட்டைக்குள் கேட்ட ஒரு கதைதான் காரணம். அதற்கு வருவதற்கு முன்னால் மற்றதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே "சும்மா இரு பிள்ளே" என்று அடக்கிவிடுவீர்கள். இப்போது அடக்க முடியாது, கேளுங்கள்.

உங்கள் கடைக்கு நாலு முழ வேட்டி வாங்க வந்தவன்கூடச் சரித்திரம் கேட்காமல் வெளியே போனதில்லை. நம் முப்பாட்டனுக்கு முப்பாட்டன் மைசூர் சுல்தானின் குதிரைப்படையில் ஜமேதாராம். கோட்டை வாசல் சாவியே நம் வீட்டு உத்திரத்தில்தான் தொங்கியதாம். ராவுத்தர் என்றாலே குதிரைக்காரன், குதிரையில் வந்தவன் வம்சம் நாம் என்று சொல்லும்போது கல்லாப் பெட்டிக்கு முன்னால் காலை அகட்டி உட்கார்ந்துகொள்வீர்கள். அடியில் குதிரை இருப்பதாக நினைப்பு. ஊரில் பாதித் தெரு ராவுத்தர்தான், அத்தனை பேரும் குதிரையில் வந்திருந்தால் புல்லுக்கு எங்கே போயிருப்பார்கள் என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். அதெல்லாம் உங்கள் காதில் ஏறாது.

சாட்சிக்கு ஓர் அங்கவடி வேறு. குதிரையில் ஏறுகிறவன் கால் வைக்கும் அந்த இரும்பு வளையத்தைக் கடைச் சுவரில், மக்கா படத்துக்குக் கீழே ஆணியடித்து மாட்டியிருந்தீர்கள். வியாழக்கிழமை தவறாமல் அதற்கு ஊதுபத்திப் புகை. முப்பாட்டன் கால் வைத்த அங்கவடி என்று வருகிறவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்வீர்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு சாக்கு ஓட்டை உடைசலுக்கு நடுவிலிருந்து நீங்கள் அதைப் பொறுக்கி எடுத்தபோது நானும் கூட இருந்தேன், அத்தா. வீட்டில் சொல்லாதே என்று எனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்தீர்கள். ஐஸ் நன்றாகத்தான் இருந்தது. இத்தனைக்கும் வாழ்நாளில் ஒரு தடவை நீங்கள் குதிரை மேல் ஏறியதில்லை. தெருவில் ஜட்கா வண்டிக் குதிரை தும்மினால் கடைக்குள் இரண்டடி பின்வாங்குவீர்கள்.

சரி, அந்தக் கோட்டையாவது பீற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறதா? மைசூர் நவாபு கட்டினார். சுண்ணாம்பு சரியாகக் காய்வதற்குள் வெள்ளைக்காரன் வந்து பிடித்தான். சில மாதத்தில் நவாபு திருப்பிப் பிடித்தார். பிறகு ஒருநாள் வெள்ளைக்காரன் மறுபடியும் வந்து பிடித்து, பிடித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாமல் போட்டுவிட்டுப் போனான். நடுவில் மலையாள ராஜா சாமூதிரியின் ஆட்கள் வந்து கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். கடைசியில் மூன்றாம் தடவையும் வெள்ளைக்காரனே வந்தான். மலை மாதிரி கருங்கல் மதில், நாலு பக்கமும் தண்ணீர் நிற்கும் அகழி, தூக்குப் பாலம், மூலைக்கு மூலை கொத்தளம் எல்லாம் இருந்தும் சந்தையில் தேங்காய் கைமாறுவது மாதிரி கைமாறியிருக்கிறது. இவ்வளவு சண்டைக்குப் பிறகு என்ன ஆயிற்று? தாலூக் கச்சேரி ஆயிற்று, ஜெயில் ஆயிற்று. பாதி ராஜ்யம் அடித்துக்கொண்டு செத்தது குமாஸ்தாக்கள் உட்கார்ந்து வெற்றிலை போடவும், தேங்காய் திருடினவனை அடைத்து வைக்கவும்தான்.

பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் நடந்த அன்று நான் நேரே கடைக்கு வந்து உங்களைக் கேட்டேன். வாசல் சாவி நம் வீட்டில்தானே இருந்தது, அப்புறம் எப்படி இத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று. கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பொட்டப்பிள்ளைக்கு வாய் நீளம் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தீர்கள். ஏற்கெனவே மடித்திருந்த துணி அது.

இந்த வீண் ஜம்பம் கடையோடு நின்றிருந்தால் நான் இன்று சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அது என் கல்யாணத்தில் வந்து விழுந்தது.

எழுபத்திரண்டில் எனக்குக் கொல்லங்கோட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. மறையூர் வெல்லத்தை மொத்தமாக வாங்கி வந்து விற்கிற கடை, சொந்த வீடு, குடிக்காத பையன். அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. நீங்கள் மூக்கைச் சுளித்தீர்கள். வெல்லக்காரன் என்றீர்கள். என்னமோ நீங்கள் ரத்தின வியாபாரம் செய்தது மாதிரி. அம்மா விடாமல் மல்லுக்கு நின்றதில் ஒருவழியாக இறங்கி வந்தீர்கள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டீர்கள். மாப்பிள்ளை குதிரையில் வர வேண்டும்.

நிக்காஹுக்கு மாப்பிள்ளை குதிரையில் வருவது நம்மவர்களிடம் இருந்த வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குள் எல்லோரும் பூ வைத்துக் கட்டிய காருக்கு மாறிவிட்டார்கள். உங்கள் தங்கை கல்யாணத்துக்கே கார்தான். அதற்கெல்லாம் சேர்த்து வைத்து என் கல்யாணத்தில் ஈடுகட்ட நினைத்தீர்கள். அதுவும் சும்மா தெருமுனையிலிருந்து வரக் கூடாதாம். கோட்டைக்குள்ளிருந்து புறப்பட்டு, அகழிப் பாலத்தைக் கடந்து, மைதானத்தைச் சுற்றிக்கொண்டு நம் வாசல் பந்தலுக்கு வர வேண்டுமாம். ஊர் பார்க்க வேண்டுமாம். மாமாவுக்கு ஆசை என்றால் ஏறிவிட்டால் போயிற்று என்று கொல்லங்கோட்டிலிருந்து மாப்பிள்ளையின் பதில் வந்தது. அவரும் குதிரையைத் தொட்டது கிடையாது. இவர் என்ன இப்படி ஓர் அப்பாவியாக இருக்கிறாரே என்று எனக்கு அப்போதே எரிச்சல்தான்.

குதிரை பிடித்தது நீங்கள். ஊரில் மிச்சமிருந்த இரண்டு மூன்று ஜட்காக் குதிரைகளில் வெள்ளையாக இருப்பதைத் தேடிப் பிடித்தீர்கள். வெள்ளைக் குதிரை என்று நீங்கள் சொன்னது ஒரு மரியாதைக்கு. அது வயதாகி நரைத்த குதிரை. அது போகட்டும். அந்தக் குதிரை தினம் காலையில் என்ன வேலை செய்கிறது என்று வண்டிக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஒரு வக்கீலை ஏற்றிக்கொண்டு கோட்டைக்குள் இருக்கும் சப் ஜெயில் வாசலில் போய் இறக்கிவிடுவதுதான் அதன் வேலை. வருஷக்கணக்காக அதே வேலை. குதிரைக்காரன் வம்சத்துக்கு இது தோன்றவில்லை. உங்கள் கண்ணுக்கு நிறம் மட்டும்தான் தெரிந்தது.

சாயங்காலம் அசர் தொழுகை முடிந்து ஊர்வலம் புறப்பட்டது. கடைக்கு மேலே மச்சில் என்னை அலங்கரித்து உட்கார வைத்திருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மைதானமும் பாலமும் நன்றாகத் தெரியும். பெண்கள் எல்லோரும் ஜன்னலில் அப்பிக்கொண்டு நின்றார்கள், நானும் போய் நின்றேன். பேண்டு முழங்க, வண்டிக்காரன் கடிவாளத்தைப் பிடித்து நடத்தி வர, குதிரை பாலத்தைக் கடந்து வெளியே வந்தது. மேலே மாப்பிள்ளை. தலைப்பாகையிலிருந்து தொங்கிய பூச்சரம் முகத்தை மூடியிருந்ததால் அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அதுவரை நல்லபடியாகத்தான் போயிற்று. மைதானத்து விளிம்பில் நீங்கள் நின்றிருந்தீர்கள். வண்டிக்காரனைப் பார்த்து, விலகு, ராவுத்தர் மாப்பிள்ளை தானே நடத்துவான் என்று கையை வீசினீர்கள்.

வண்டிக்காரன் கையை எடுத்தான். குதிரை ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு நிதானமாகத் திரும்பி, வந்த வழியே பாலத்தைக் கடந்து கோட்டைக்குள் போய்விட்டது. பேண்டுக்காரர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் மாப்பிள்ளை இல்லை என்பது அவர்களுக்கு நம் பந்தல் வந்த பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போய்க் குதிரை எங்கே நின்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கைதிகள் கம்பிக்குப் பக்கத்தில் வந்து பார்த்தார்களாம். பூவும் ஜரிகையுமாக ஒருத்தன் குதிரையில் வந்து ஜெயில் வாசலில் நிற்பதைப் பார்த்து ஒரு கைதி, "எந்தா மோனே, கேஸு?" என்று மலையாளத்தில் அக்கறையாக விசாரித்தானாம். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு ஊர் ஆறு மாதம் சிரித்தது. மறுபடி பிடித்துக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவையாவது வண்டிக்காரனைக் கூட விட்டிருக்கலாம். நீங்கள் விடவில்லை. கடிவாளத்தை இழுத்துப் பிடி மாப்பிளெ, நம்ம ரத்தம் என்று கத்தினீர்கள். உங்கள் ரத்தம் எப்படி அவருக்கு வந்தது? குதிரை மறுபடியும் திரும்பியது. மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள், கடலை விற்றவர்கள், ஆஞ்சநேயர் கோவிலுக்கு வந்தவர்கள் எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நம் மச்சில் நின்ற பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மானம் போகிறது, இந்த மனுஷன் இப்போது கோபித்துக்கொண்டு கொல்லங்கோட்டுக்கு பஸ் ஏறிவிடுவான், பந்தலில் உட்கார்ந்த பெண் என்ற பெயரோடு நான் காலத்துக்கும் இந்த மச்சில் கிடக்க வேண்டியதுதான் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் பாலத்து நடுவில் இறங்கினார். அழகாகவெல்லாம் இறங்கவில்லை, வயிற்றைக் குதிரை மேல் தேய்த்துக்கொண்டு வழுக்கித்தான் இறங்கினார். பூச்சரத்தை ஒதுக்கிவிட்டு, கடிவாளத்தை வண்டிக்காரன் கையில் கொடுத்து, குதிரையின் கழுத்தில் ஒரு தட்டு தட்டினார். அப்புறம் நடக்க ஆரம்பித்தார். அவ்வளவு சிரிப்புக்கும் நடுவில், வேகமாகவும் நடக்காமல், தலையையும் குனியாமல், நீங்கள் போட்ட வழியிலேயே மைதானம் முழுக்கச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். காருக்கு ஆள் விடுகிறோம் என்று யாரோ சொன்னதற்கு, பெண்ணுடைய அத்தா சுற்றித்தான் வரச் சொன்னார் என்றாராம். நான் அவரை முதல் தடவை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். எனக்குப் பிடித்துவிட்டது.

உங்களுக்குப் பிடிக்கவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, நடந்து வந்தவனுக்கு என் மகளைக் கொடுக்க மாட்டேன் என்று வழிமறித்து நின்றீர்கள். பிரியாணி தம்மில் இருக்கிறது, இரண்டு ஊர் ஜமாஅத்தும் உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் குதிரை கேட்கிறீர்கள். கடைசியில் நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் எழுந்து வந்தார். அவர் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"ராவுத்தரே, நிக்காஹுக்குப் பொண்ணு சம்மதம் வேணும், சாட்சி வேணும், மஹர் வேணும். குதிரை எந்தக் கிதாபுலயும் இல்லை. வழி விடுங்க."

நீங்கள் வழி விட்டீர்கள். ஆனால் விடும்போது சொன்னதை நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று என் காதால் கேட்டேன்.

"நிக்காஹ் நடக்கட்டும். குதிரையிலெ வராதவன் ஊட்டு வாசப்படியெ நான் சாகற வரைக்கும் மிதிக்க மாட்டேன்."

வாழ்நாளில் ஆயிரம் பேச்சு பேசியிருக்கிறீர்கள். மாடி கட்டுகிறேன் என்றீர்கள், அம்மாவை ஹஜ்ஜுக்குக் கூட்டிப்போகிறேன் என்றீர்கள், கடையை விரிவாக்குகிறேன் என்றீர்கள். ஒன்றையும் செய்ததில்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்றினீர்கள். உங்கள் சுல்தான் இந்தப் பிடிவாதத்தில் கால்வாசி வைத்திருந்தால் கோட்டை கைவிட்டுப் போயிருக்காது.

மறுவீட்டுக்கு எல்லோரும் வந்தார்கள், நீங்கள் வரவில்லை. புது அறை கட்டிக் குடிபோனபோது அம்மா வந்தாள், நீங்கள் வரவில்லை. மகள் பிறந்தது உங்கள் வீட்டில் என்பதால் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள், கொஞ்சினீர்கள், கடைக்குக் கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினீர்கள். நாற்பதாம் நாள் நான் கொல்லங்கோட்டுக்குக் கிளம்பியபோது பஸ் ஸ்டாண்டு வரை பிள்ளையை நீங்கள்தான் சுமந்து வந்தீர்கள். கூட ஏறுங்கள் அத்தா என்றேன். கடையில் ஆள் இல்லை என்றீர்கள். கடையில் என்றைக்குத்தான் ஆள் இருந்தது?

ஒரு தடவை எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வந்தீர்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்து நான் விடிந்ததிலிருந்து ஆக்கி வைத்திருந்தேன். உங்களுக்குப் பிடித்த தேங்காய்ச் சோறு, தால்ச்சா, எல்லாம். பிள்ளைக்குப் புதுக் கவுன் போட்டு வாசலில் நிறுத்தியிருந்தேன். கல்யாண வீட்டுப் பாட்டு எங்கள் முற்றத்தில் கேட்டது, அவ்வளவு கிட்டே. மதியம் லுஹர் தொழுகை ஆயிற்று, பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு போனார்கள். நீங்கள் வரவில்லை. கடைசியில் இவர் செருப்புக்கூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். நீங்கள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்களாம். ஊட்டுக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க மாமா என்று கீழே நின்று இவர் கேட்டதற்கு, நீங்கள் தலையை வெளியே நீட்டி, "குதிரை எங்கெ, மாப்பிளெ?" என்றீர்களாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இவர் வீட்டுக்கு வந்து, மாமாவுக்கு அவசர வேலையாம் என்று என்னிடம் சொன்னார். பஸ்ஸில் நடந்ததைக் கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சோற்றை நான் தொடவில்லை, அத்தா. உங்கள் மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை. கோபம் சமமான ஆள் மேல் வருவது. கேவலமாக நினைத்தேன்.

போன வருஷம் கடையில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தீர்கள். உங்களைக் குளிப்பாட்ட, கபன் துணி சுற்ற, தோள் கொடுக்க, குழியில் இறங்கி வாங்கி வைக்க எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அந்த வெல்லக்காரன்தான். அப்போதும் நடந்துதான் வந்தார்.

இன்று கோட்டைக்குள் போகலாம் என்று சொன்னது அவர். சர்க்கஸ் ஆரம்பிக்க நேரம் இருந்தது. கல்யாணத்தன்றைக்கு அப்புறம் அவர் அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. மகள் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கோட்டை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கிறீர்களா? உங்கள் சுல்தான் பார்த்தால் இன்னொரு தடவை செத்துப்போவார். அகழியில் பச்சைப் பாசி, அதில் நாலு எருமை. வாசலில் நீலப் பலகை வைத்து, இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று எழுதியிருக்கிறார்கள். அந்தப் பலகைக்குப் பக்கத்திலேயே சுவரில் ஆணியால் அம்பு விட்ட இதயம், கட்சிச் சின்னம், ஒரு சினிமாக்காரனின் மீசை. மதில் மேல் ஆடு மேய்கிறது. ஆஞ்சநேயர் கோவிலில் மட்டும் விளக்கு ஒழுங்காக எரிகிறது. ஜெயில் இருந்த இடத்தில் இருக்கிறது. இத்தனை ராஜாக்கள் மாறினாலும் திருடன் மாறவில்லை.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலைக்காரர் நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும், வறுகடலையும் விற்பார், கேட்கிறவர்களுக்குக் கோட்டைக் கதையும் சொல்வார். மூணாறு எஸ்டேட்டிலிருந்து பஸ் வைத்துச் சுற்றிப் பார்க்க வந்த ஒரு கூட்டம் அவரைச் சுற்றி நின்றது. இவர் கடலை வாங்கப் போனார். நாங்களும் நின்றோம்.

கடலைக்காரர் அகழியின் அகலத்தைக் கையால் காட்டினார். சுல்தான் காலத்தில் ஒரு ராவுத்தர் இருந்தாராம், குதிரைப்படைத் தலைவர், கொல்லங்கோட்டுக்காரர். அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக் கோலத்தில் வெள்ளைக் குதிரையில் கோட்டையிலிருந்து புறப்படுகிற நேரத்தில் எதிரி வந்து பாலத்தை அறுத்துவிட்டான். வெளியே பெண் காத்திருக்கிறாள். ராவுத்தர் என்ன செய்தார்? குதிரையைத் திருப்பி உள்ளே கொண்டுபோனார். எல்லோரும் பயந்து ஓடுகிறார் என்று சிரித்தார்கள். மறுபடி வந்தார், மறுபடி திரும்பினார். மறுபடி சிரித்தார்கள். மூன்றாம் தடவை ஜெயில் வாசலிலிருந்து ஓட்டம் எடுத்து, பூச்சரம் பறக்க, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அகழியை ஒரே தாவாகத் தாண்டி, நேரே பந்தலில் போய் நின்றார்.

எஸ்டேட்டுக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரைப் பார்த்தார்கள். அதில் ஒரு வயதான அம்மா, "குதிரைக்கு ஒண்ணும் ஆவலியாய்யா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்றார் கடலைக்காரர். பாவம் வாயில்லாச் சீவன் என்று அந்த அம்மா பெருமூச்சு விட்டாள்.

இவர் கடலைப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் கடலைக்காரரைத் தனியாகப் பிடித்து, இந்தக் கதை எங்கே கேட்டது என்றேன். அவருக்கு என்னை யாரென்று தெரியாது.

"எதிர்த்தாப்புல ஜவுளிக்கடெ ராவுத்தர் சொன்னதுங்க, மவுத்தாயிட்டாரு. தெனமும் சாயங்காலம் இங்கெ வந்துருவாருங்க. மொதல்ல தன்ற மருமகன் தாண்டுனாருன்னுதானுங்க சொல்லீட்டிருந்தாரு. இங்க இருந்து அங்கன்னு கையைக் கையைக் காட்டுவாரு. ஒருத்தரும் நம்புல. அப்பறந்தான் சுல்தான் காலத்துக்குக் கொண்டுபோய்ட்டாருங்க. இப்ப எல்லாரும் நம்பறாங்க."

தினமும் சாயங்காலம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீங்கள் மட்டும் எதிரில் இருந்திருந்தால் தகப்பன் என்றும் பார்த்திருக்க மாட்டேன். ஊரில் உள்ள கடலைக்காரன், மாடு மேய்க்கிறவன், வழிப்போக்கன் எல்லோரிடமும் என் மருமகன், என் மருமகன் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறீர்கள். அந்த மருமகன் பஸ்ஸுக்குக் கீழே வெறுங்காலோடு நின்று கூப்பிட்டபோது நாலு பேர் சிரிக்க ஒரு கேலி. உள்ளுக்குள் அவரைப் பிடித்திருக்கிறது உங்களுக்கு. பிடித்ததைச் சொல்வதற்கு ஒரு குதிரை, ஒரு அகழி, ஒரு சுல்தான் எல்லாம் தேவைப்பட்டிருக்கிறது. வெல்லக்கடைக்கு வந்து ஒரு டம்ளர் சாயா குடித்தால் போதாதா? சீ, என்ன மனுஷன் நீங்கள்.

இவர் மதிலோரமாகத் தள்ளிப் போய் நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டே போனதும், "மாமா நல்லாத்தான் தாண்ட வெச்சிருக்காரு" என்று சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அவருக்கு அது போதும். அப்படிப்பட்ட மனுஷன். எனக்குப் போதாது.

சர்க்கஸில் மகளுக்கு மனசு செல்லவில்லை. குதிரைகள் வட்டமாக ஓடி வந்தபோதுகூட எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மடியில் ஏறி உட்கார்ந்து கேட்டாள். அவளுடைய நன்னாவான உங்களைப் பற்றிக் கடலைக்காரர் என்னிடம் பேசியதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள்.

"நன்னா சொன்னது நெசமாம்மா? நம்ம அத்தா அந்தத் தண்ணியெத் தாண்டுனாரா?"

இவர் என்னைப் பார்த்தார். சும்மா ஆமாம் என்று சொல்லிவிடு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். உங்களுக்காகக் கெஞ்சுகிறார், அத்தா, உங்கள் பொய்க்காக. ஆமாம் என்று சொல்லியிருந்தால் பிள்ளையும் சந்தோஷப்பட்டிருக்கும், கபரில் நீங்களும் காலை அகட்டி உட்கார்ந்திருப்பீர்கள். நான் சொல்லவில்லை.

"தாண்டலெ. குதிரை தாண்டற குதிரையும் இல்லெ. உங்க அத்தா எறங்கி நடந்து வந்தாரு. ஊரே நின்னு சிரிச்சுது. அப்பவும் நடந்து வந்தாரு, என்னையெக் கூட்டிட்டுப் போறதுக்கு."

பிள்ளை எவ்வளவு தூரம் என்று கேட்டாள். மைதானம் பூராவும் என்றேன். அவள் இறங்கிப் போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது இரண்டு பேரும் தூங்குகிறார்கள். உங்களிடமிருந்து எனக்கு வந்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன். கடையைச் சித்தப்பா மகன் எடுத்துக்கொண்டான், கதையைக் கடலைக்காரர் எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சம் ஒரு கெட்ட பழக்கம். பாலக்காட்டு பஸ் வந்து எங்கள் தெருமுனையில் நிற்கிற சத்தம் கேட்டால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வாசலை ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். ஏழு வருஷமாகப் பார்க்கிறேன். நீங்கள் போன பிறகும் பார்க்கிறேன், நேற்றும் பார்த்தேன். நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

கொல்லங்கோட்டுக்கு நாள் முழுக்க பஸ் இருக்கிறது, அத்தா. வந்திருக்கலாம்.